ஒரு நரம்பு முனைக்குள் முப்பது கால்சியம்

சித்திக்கு இரண்டு மாதமாக விரல் நுனிகள் மரத்துப்போய், ஊசி குத்துவது போல இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று கால்சியம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா, நரம்புக்குக் கால்சியம் நல்லதுதானே?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று சொன்னாலும் தவறு, இல்லை என்று சொன்னாலும் தவறு. கால்சியம் இல்லாமல் ஒரு நரம்பு செல்லால் இன்னொரு செல்லிடம் சேதி சொல்ல முடியாது. அதே கால்சியம் செல்லுக்குள் கூடுதலாகத் தங்கிவிட்டால் அந்தச் செல் செத்துப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவே செல் எப்படிக் கணக்குப் பார்த்து வாழ்கிறது என்பதைச் சித்திக்கு அன்று சரியாகச் சொல்ல முடியவில்லை. நிதானமாக இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

நரம்பு செல்லிலிருந்து ஒரு நீண்ட இழை கிளம்பும். அது போகும் வழியிலும் முடியும் இடத்திலும் சின்னச் சின்ன மொட்டுகள் போலப் புடைத்திருக்கும். அடுத்த செல்லுக்குச் சேதி போவது இந்த மொட்டுகளிலிருந்துதான். அவற்றை நரம்பு முனை என்றே சொல்லிக்கொள்வோம். மூளையில் இப்படி ஒரு முனையின் குறுக்களவு ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு.

இந்த முனை சேதி எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும் நேரத்தில், அதற்குள் தனியாகத் திரியும் கால்சியம் அயனிகளை எண்ணினால் எத்தனை இருக்கும்? சுமார் முப்பது. ஒரு வகுப்பறைப் பிள்ளைகளின் எண்ணிக்கை. முனைக்கு வெளியே, அதே அளவு இடத்தில் மூளைத் திரவத்தை எடுத்து எண்ணினால் மூன்றே முக்கால் லட்சம் இருக்கும்.

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். செல்லுக்குள் ஓய்வு நேரத்தில் கால்சியத்தின் செறிவு 50 முதல் 100 நானோமோலார் வரை. வெளியே மூளைத் திரவத்தில் சுமார் 1.2 மில்லிமோலார். 1 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையின் கொள்ளளவை இவற்றோடு பெருக்கி, பிளஸ் டூ வேதியியலில் படித்த அவகாட்ரோ எண்ணாலும் பெருக்கினால் போதும். 100 நானோமோலார் என்று வைத்தால் முப்பது வருகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் பன்னிரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். அதைப் பிரித்து நிற்கும் சுவரோ சவ்வு என்ற ஒரு மெல்லிய கொழுப்புப் படலம். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முப்பது என்பது எதிலும் ஒட்டாமல் தனியாகத் திரியும் அயனிகளின் கணக்கு மட்டுமே. புரதங்களோடு ஒட்டிக்கொண்டும், செல்லின் உள்ளறைகளில் அடைபட்டும் இன்னும் நிறைய கால்சியம் இருக்கிறது. ஆனால் செல் சேதியாகப் படிப்பது தனியாகத் திரிவதைத்தான்.

ஏன் இவ்வளவு குறைவு?

போர்வெல் தண்ணீரைத் தொடர்ந்து காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு கட்டிக்கொள்ளும், சுரண்டினாலும் லேசில் போகாது. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பாஸ்பேட்டோடு சேர்ந்தாலும் கால்சியம் இப்படித்தான் கல்லாகப் படியும். நம் எலும்பும் பல்லும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து இறுகியவையே. செல்லுக்குள் எங்கே பார்த்தாலும் பாஸ்பேட்தான். ஆற்றல் நாணயமான ஏடிபியில் இருக்கிறது, டிஎன்ஏவில் இருக்கிறது, செல்லின் சவ்விலும் இருக்கிறது. வெளியே உள்ள அளவு கால்சியத்தை உள்ளே விட்டால் செல் உள்ளுக்குள்ளேயே கல் கட்டிப்போகும். ஆகவே பாஸ்பேட்டை நம்பி வாழும் எந்த உயிருக்கும் கால்சியத்தை வெளியே தள்ளுவது முதல் வேலை. பாக்டீரியாவும் அதைச் செய்கிறது.

இப்படித் தற்காப்புக்காக வந்த பழக்கம் பிறகு பேச்சாக மாறியது என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த விஷயம். நள்ளிரவில் தெருக்கோடியில் ஒரு குழந்தை அழுதால் தெரு முழுக்கக் கேட்கும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அதே குழந்தை அழுதால் தூக்கி வைத்திருக்கும் அம்மாவுக்கே சரியாகக் கேட்காது. சோடியத்தைப் பாருங்கள். அதே நரம்பு முனைக்குள் சோடியம் அயனிகள் சுமார் முப்பது லட்சம் இருக்கும். அதை இரட்டிப்பாக்க இன்னும் முப்பது லட்சம் வர வேண்டும். கால்சியத்தை இரட்டிப்பாக்க முப்பது வந்தால் போதும். ஒரே ஒரு கதவு கண நேரம் திறந்தாலே செல் திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும். செல் தனக்குள் இத்தனை அமைதியைக் காத்து வைத்திருப்பதால்தான் கால்சியத்தின் சின்னக் குரல்கூட அங்கே சேதியாகிறது.

உள்ளே வரும் வழிகள்

நரம்பு இழையில் மின் துடிப்பு ஒன்று ஓடி வந்து முனையைத் தொடும்போது சவ்வின் மின்னழுத்தம் சட்டென மாறுகிறது. அந்த மாற்றத்தை உணர்ந்து திறக்கும் புரதக் கதவுகள் அங்கே இருக்கின்றன. மின்னழுத்தக் கால்சியம் கால்வாய்கள் என்று அவற்றுக்குப் பெயர். ஒரு கால்வாய் திறந்திருப்பது ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரம்தான். அதற்குள் சில நூறு கால்சியம் அயனிகள் உள்ளே பாய்ந்துவிடும். இருந்தது முப்பது, ஒரே கதவின் வழியாக வந்தது சில நூறு. இப்படிப் பல கதவுகள் ஒரே நேரத்தில் திறக்கின்றன.

வந்த அயனிகள் உடனே எங்கும் பரவிவிடுவதில்லை. கதவின் வாயை ஒட்டிய மிகச் சிறிய இடத்தில் கண நேரம் குவிந்து நிற்கின்றன. அந்த இடத்தில் மட்டும் செறிவு ஓய்வு நிலையைப் போல நூறு மடங்குக்கும் மேலே போகும், சற்றுத் தள்ளினால் மளமளவென்று குறைந்துவிடும். அடுத்த செல்லுக்குச் சேதி சொல்லும் வேதிப்பொருளான நரம்புக் கடத்தி நிரம்பிய நுண்பைகள் அந்தக் கதவை ஒட்டியே, சவ்வோடு ஒட்டத் தயாராகக் காத்திருக்கின்றன. அவற்றின் மேல் சினாப்டோடாக்மின் என்ற புரதம் இருக்கிறது. கால்சியம் வந்து அதில் ஒட்டியதும் நுண்பை சவ்வோடு இணைந்து, உள்ளிருப்பதை வெளியே கொட்டுகிறது. கால்சியம் நுழைந்ததிலிருந்து இது முடிய ஒரு மில்லி நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் ஆகிறது. இந்தப் புரதத்தின் வேலையைத் தெளிவாக்கிய தாமஸ் சூடாஃப் 2013-ல் மருத்துவ நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

சேதி போவதற்குக் கால்சியம்தான் காரணம் என்று உறுதிப்பட ஒரு கடல் விலங்கு உதவியது: கணவாய். அதன் உடலில் உள்ள ராட்சத நரம்பு முனை மைக்ராஸ்கோப்பின் கீழே ஊசி செருகும் அளவுக்குப் பெரியது. பெர்னார்ட் காட்ஸும் ரிக்கார்டோ மிலெடியும் 1960-களில் தவளையிலும் கணவாயிலும் செய்த சோதனைகளில், மின் துடிப்பு வந்தாலும் வெளியே கால்சியம் இல்லாவிட்டால் சேதி போகாது என்று காட்டினார்கள். 1973-ல் மிலெடி இன்னும் நேரடியாகவே பார்த்தார். மின் துடிப்பு எதுவும் தராமல், கணவாயின் நரம்பு முனைக்குள் ஊசியால் கால்சியத்தைச் செலுத்தினார். நரம்புக் கடத்தி வெளியே கொட்டியது. மின்சாரம் செய்வது கதவைத் திறப்பது மட்டுமே. வேலையை நடத்துவது கால்சியம்.

கால்வாய்களில் பல வகை உண்டு. எல்லாவற்றையும் இங்கே அடுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கால்சியம் கால்வாயைத் தொடும் மருந்து பலருடைய மருந்துப் பெட்டியில் இருக்கிறது. வலிச் சேதியைத் தண்டுவடத்தில் கைமாற்றும் முனைகளில் என்-வகைக் கால்வாய் முக்கியம். கடலில் வாழும் கூம்பு நத்தை ஒன்று மீனைச் செயலிழக்க வைக்கும் விஷத்தில் இந்தக் கால்வாயை அடைக்கும் ஒரு சிறு புரதம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பால்டொமேரோ ஒலிவேராவின் ஆய்வுக்கூடம் அந்த விஷத்தைப் பிரித்து ஆராய்ந்தது. அதிலிருந்து வந்த ஜிகோனோடைடு என்ற மருந்துக்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேறு எதற்கும் அடங்காத கடும் வலிக்குத் தண்டுவடத் திரவத்தில் நேராகச் செலுத்துகிறார்கள். நம்மூரில் நரம்பு வலிக்கு மருத்துவர்கள் அதிகம் எழுதித் தரும் கபாபென்டின், பிரிகாபலின் மாத்திரைகளும் கால்சியம் கால்வாயோடு ஒட்டியிருக்கும் ஒரு துணைப் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. அவை முனைக்குள் வரும் கால்சியத்தைக் குறைக்கின்றன. அதாவது "நரம்பு மாத்திரை" என்று சொல்லி நாம் விழுங்குவது, நரம்புக்குள் கால்சியம் வருவதை மட்டுப்படுத்தும் மாத்திரை.

சேதியைப் பெறும் பக்கத்திலும் கதவுகள் உண்டு. அவற்றில் என்எம்டிஏ ஏற்பி தனிச்சிறப்பானது. அதன் வாயில் ஒரு மெக்னீசியம் அயனி தக்கை போல அடைத்துக்கொண்டிருக்கும். பக்கத்துச் செல்லிலிருந்து குளூட்டமேட் என்ற நரம்புக் கடத்தி வந்து ஒட்டினால் மட்டும் அது திறந்து பயனில்லை. பெறும் செல்லும் அதே சமயத்தில் கிளர்ந்திருந்தால்தான் அந்தத் தக்கை விலகும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் மட்டுமே கால்சியம் உள்ளே வரும். வங்கி லாக்கரைத் திறக்க அவர்கள் சாவியும் வேண்டும் நம் சாவியும் வேண்டும் அல்லவா, அது போல. இப்படி வரும் கால்சியம் அந்த இணைப்பை வலுவாக்கிவிட்டுப் போகிறது. நாம் ஒன்றைக் கற்று நினைவில் வைப்பதற்கு இது ஓர் அடிப்படை என்று கருதப்படுகிறது.

மூன்றாவது வழி வெளியிலிருந்தே அல்ல. செல்லுக்குள் எண்டோபிளாச வலைப்பின்னல் என்று ஒரு நீண்ட குழாய்த்தொகுதி, செல் உடலிலிருந்து இழைகளின் கடைசி வரை ஓடுகிறது. அது கால்சியத்தைச் சேர்த்து வைக்கும் குதிர். அதற்குள் செறிவு வெளியே உள்ள செல் திரவத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இருக்கும். ஐபி3 என்ற சிறு மூலக்கூறோ, கால்சியமே கொஞ்சமோ வந்து தட்டினால் அதன் கதவுகள் திறந்து சேமிப்பிலிருந்து கொட்டும். குதிர் காலியாவதை அறிந்து மறுபடி நிரப்பச் சொல்லும் ஸ்டிம் என்ற புரதங்களை 2005-ல் கண்டுபிடித்தார்கள்.

வந்ததைப் பிடித்து வைப்பவை

இப்போது கேள்வி திரும்புகிறது. உள்ளே பாய்ந்த கால்சியத்தை என்ன செய்வது? வெளியேற்றும் பம்புகளுக்கு நேரம் வேண்டும். அதுவரை அது அங்குமிங்கும் போய்த் தேவையில்லாத கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

அதற்குத்தான் செல் முழுக்கக் கால்சியத்தைப் பிடிக்கும் புரதங்கள் நிறைந்து கிடக்கின்றன. பார்வால்புமின், கால்பிண்டின், கால்ரெட்டினின் ஆகியவை பெயர் பெற்றவை. பல நரம்பு செல்களில் உள்ளே வரும் நூறு அயனிகளில் ஒன்றோ இரண்டோதான் தனியாகத் திரிகின்றன, மற்றவை கண் மூடித் திறப்பதற்குள் ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொள்கின்றன. சிறுமூளையின் பர்கின்ஜி செல்களில் இந்தப் பிடிப்பு இன்னும் பல மடங்கு பலமானது. ஒட்டியவை நிரந்தரமாக ஒட்டியிருப்பதில்லை. பம்புகள் தனி அயனிகளை வெளியேற்ற வெளியேற்ற, புரதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். பெருமழைத் தண்ணீரை ஏரி வாங்கிக்கொண்டு மதகு வழியே மெல்ல விடுவது போல என்று நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் புரதமும் பிடித்து வைக்க மட்டும் இருப்பதில்லை. கால்மாடுலின் வேறு ரகம். நான்கு கால்சியம் ஒட்டியதும் அதன் வடிவம் மாறுகிறது. மாறிய வடிவத்தோடு போய் வேறு புரதங்களைப் பிடித்துத் தூண்டிவிடுகிறது. கால்சியத்தின் சேதியைச் செல்லின் மற்ற பகுதிகளுக்குக் கொண்டுபோகும் ஆள் இதுதான். இதன் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

வெளியேற்றும் கூலி

வெளியே மூன்றே முக்கால் லட்சம், உள்ளே முப்பது. கால்சியம் உள்ளே வர யாரும் தள்ள வேண்டாம், தானே விழும். வெளியே அனுப்ப ஒவ்வொன்றுக்கும் கூலி கொடுக்க வேண்டும்.

செல் சவ்வில் கால்சியம் பம்பு இருக்கிறது. ஓர் ஏடிபியைச் செலவழித்து ஓர் அயனியை வெளியே தள்ளும். 1966-ல் ஹான்ஸ் ஷாட்ஸ்மான் இதை முதலில் கண்டது நரம்பில் அல்ல, இரத்தச் சிவப்பணுவில். இதன் வேகம் குறைவு. ஆனால் கால்சியம் மிகக் குறைந்துவிட்ட நிலையிலும் விடாமல் பிடித்து வெளியேற்றும். முப்பது முப்பதாகவே நிற்பதற்கு இந்தப் பொறுமையான பம்பு ஒரு முக்கியக் காரணம். சோறு வடித்த பானையில் கடைசிப் பருக்கை வரை வழிக்கும் பாட்டியைப் போல இது.

அவசர நேரத்துக்கு வேறு ஆள் இருக்கிறார்: சோடியம்-கால்சியம் பரிமாற்றி. மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியே அனுப்பும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் தள்ளக்கூடியது. இது நேரடியாக ஏடிபியைத் தொடுவதில்லை. ஆனால் உள்ளே வந்த சோடியத்தை மறுபடி வெளியேற்ற வேறு ஒரு பம்பு ஏடிபியைச் செலவழிக்கிறது. கடன் வாங்கிச் செலவழித்துவிட்டு மாதக் கடைசியில் அடைப்பது போல, கணக்கு எப்படியும் ஏடிபியில்தான் போய் முடியும். இந்தப் பரிமாற்றிக்கு ஓர் ஆபத்தான குணமும் உண்டு. உள்ளே சோடியம் மிகுந்து, சவ்வின் மின்னழுத்தமும் சரிந்தால் அது எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். கால்சியத்தை வெளியேற்ற வேண்டியது, உள்ளே கொண்டுவரும். பக்கவாதத்தைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்விலும் ஒரு பம்பு உண்டு. ஓர் ஏடிபிக்கு இரண்டு கால்சியத்தைக் குதிருக்குள் ஏற்றும்.

அப்புறம் மைட்டோகாண்ட்ரியா. இதை வெறும் ஆற்றல் ஆலை என்று பள்ளியில் படித்தோம். அதன் உட்பக்கம் வலுவான எதிர்மின் அழுத்தத்தில் இருப்பதால், பக்கத்தில் கால்சியம் கூடியதும் உள்ளே இழுத்துக்கொள்ளும். 1960-களின் தொடக்கத்திலேயே இது தெரியும். ஆனால் எந்தப் புரதத்தின் வழியாக இழுக்கிறது என்பது தெரிய ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆயின; 2011-ல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் அதை அடையாளம் கண்டன. எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. உள்ளே போன கால்சியம் அங்கே ஏடிபி தயாரிக்கும் நொதிகள் சிலவற்றை முடுக்கிவிடுகிறது. நரம்பு அதிகமாகப் பேசினால் கால்சியம் அதிகமாக வரும், அதை வெளியேற்ற ஏடிபி அதிகமாக வேண்டும். அந்த ஏடிபியைத் தயாரிக்கச் சொல்லும் உத்தரவும் அதே கால்சியம்தான். நம் உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம், ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்குப் போகிறது. அதில் பெரும்பங்கு இப்படி அயனிகளை அவற்றின் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்பும் கூலி.

தன்னைத் தானே அடக்கும் கால்சியம்

கால்மாடுலின் மறுபடி வரும் என்றேன். கால்சியம் ஒட்டிய கால்மாடுலின், சவ்வில் இருக்கும் கால்சியம் பம்பைப் போய்ப் பிடித்து வேகப்படுத்துகிறது. அதே கால்மாடுலின் கால்சியம் கால்வாய்கள் சிலவற்றின் உள்வாயில் முன்பே உட்கார்ந்திருக்கும். கால்சியம் கூடியதும் அந்தக் கதவை மூட வைக்கிறது. கூடவே, கால்சியத்தை உணர்ந்து திறக்கும் பொட்டாசியம் கால்வாய்கள் திறந்து, நரம்பின் கிளர்ச்சியையே தணிக்கின்றன. கதவு மூடுகிறது, பம்பு வேகமெடுக்கிறது, கிளர்ச்சி அடங்குகிறது. மூன்றையும் தூண்டியது உள்ளே வந்த கால்சியமே. மேலிருந்து உத்தரவு போட யாரும் இல்லை.

இது மில்லி நொடிகளில் நடப்பது. நாள்கணக்கிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. 1998-ல் ஜினா டுரிஜியானோவின் குழு, வளர்ப்புத் தட்டில் இருந்த மூளைச் செல்களின் செயல்பாட்டை இரண்டு நாள் முடக்கி வைத்துப் பார்த்தது. அந்தச் செல்கள் தங்கள் இணைப்புகளை ஒட்டுமொத்தமாக வலுப்படுத்திக்கொண்டன. மாறாக அளவுக்கு மீறித் தூண்டினால் வலுவைக் குறைத்துக்கொண்டன. தான் வழக்கமாக எவ்வளவு பேசுகிறது என்பதைச் செல்லுக்குத் தெரிவிப்பதில் உள்ளே உள்ள கால்சியத்தின் சராசரி முக்கியப் பங்கு வகிக்கிறது.

முப்பதை எப்படி எண்ணினார்கள்?

இவ்வளவு சின்ன விஷயத்தை யார் பார்த்தது என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. இந்தக் கதை ஒரு கழுவுதொட்டியில் தொடங்குகிறது.

1961-ல் ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய வேதியியலாளர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஃப்ரைடே ஹார்பரில், ஒளிரும் ஜெல்லி மீன்களை ஆயிரக்கணக்கில் பிடித்து, அவற்றின் ஒளிக்குக் காரணமான பொருளைப் பிரிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். அமிலத்தன்மையைக் கூட்டினால் ஒளி அடங்குகிறது என்று கண்டிருந்தார். மீதமிருந்த சாற்றை ஒருநாள் கழுவுதொட்டியில் கொட்டியபோது தொட்டி பளிச்சென்று நீல ஒளி வீசியது. அந்தத் தொட்டியில் மீன் தொட்டிகளின் கடல்நீர் வழிந்து வந்துகொண்டிருந்தது. கடல்நீரில் உள்ள கால்சியம்தான் ஒளியை மூட்டியது என்று அவர் விரைவிலேயே கண்டுகொண்டார். அந்தப் புரதம்தான் ஏக்வோரின், 1962-ல் அறிவிக்கப்பட்டது. கால்சியத்தைத் தொட்டால் ஒளிரும் புரதத்தை ஒரு செல்லுக்குள் செலுத்தினால், கால்சியம் வந்துபோவதைக் கண்ணால் பார்த்துவிடலாம் அல்லவா? 1967-ல் கொட்டலசு என்ற கடல் உயிரியின் பெரிய தசை நாரில் அதைச் செய்து காட்டினார்கள். சில ஆண்டுகளில் கணவாயின் நரம்பிலும் செய்தார்கள்.

அடுத்த பெரிய அடி ரோஜர் சியென் எடுத்தது. கால்சியம் ஒட்டும்போது தன் ஒளிர்வை மாற்றிக்கொள்ளும் சாயங்களை அவர் வேதியியல் மேசையில் வடிவமைத்தார். 1985-ல் வந்த ஃபியூரா-2 சாயத்தின் மூலம், செல்லுக்குள் எவ்வளவு கால்சியம் என்பதை எண்ணாகவே அளக்க முடிந்தது. 100 நானோமோலார் என்று நான் மேலே எழுதிய எண் இப்படிப்பட்ட அளவீடுகளால்தான் உறுதிப்பட்டது. ஷிமோமுராவும் சியெனும் 2008-ல் மார்ட்டின் சால்ஃபியோடு வேதியியல் நோபல் பெற்றார்கள். அது அதே ஜெல்லி மீனின் இன்னொரு புரதமான பச்சை ஒளிர் புரதத்துக்காக. இன்று அந்தப் பச்சைப் புரதத்தையும் கால்மாடுலினையும் ஒட்டிச் செய்த உணரிகளை மரபணு வழியாகச் சுண்டெலியின் மூளைக்குள் வைக்கிறார்கள். எலி ஓடும்போது எந்த நரம்பு செல் பேசுகிறதோ அது மினுக்கென்று ஒளிர்கிறது. முதன்முறை அந்தக் காணொளியைப் பார்த்தபோது நான் வெகுநேரம் திரையை விட்டு நகரவில்லை.

கூலி நின்றுபோனால்

மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் அடைபட்டுப்போவதுதான் பெரும்பாலான பக்கவாதங்களில் நடப்பது. இரத்தம் நின்றால் ஆக்சிஜனும் குளுக்கோஸும் நிற்கும். சில நிமிடங்களில் ஏடிபி தீர்ந்துபோகும். மேலே சொன்ன கூலி கொடுக்க ஆளில்லை.

முதலில் சோடியத்தை வெளியேற்றும் பம்பு நிற்கிறது. சவ்வின் மின்னழுத்தம் சரிகிறது. மின்னழுத்தம் சரிந்ததும் கால்சியம் கால்வாய்கள் திறக்கின்றன. உள்ளே பாய்ந்த கால்சியம் நுண்பைகளைத் திறந்து குளூட்டமேட்டை அளவில்லாமல் கொட்டவைக்கிறது. அந்தக் குளூட்டமேட் பக்கத்துச் செல்களின் என்எம்டிஏ ஏற்பிகளைத் திறக்கிறது. அவை ஏற்கெனவே மின்னழுத்தம் சரிந்து கிடப்பதால் மெக்னீசியத் தக்கையும் விலகியிருக்கிறது. இரண்டு சாவியும் ஒன்றாகப் பூட்டில் திரும்பிய நிலை. சோடியம்-கால்சியம் பரிமாற்றியும் எதிர்த்திசையில் ஓடத் தொடங்குகிறது. இரத்த ஓட்டம் முழுவதும் நின்ற பகுதியில், செல்களுக்கு வெளியே 1.2 மில்லிமோலாராக இருந்த கால்சியம் நிமிடங்களில் 0.1 அளவுக்கு இறங்கிவிடும். அந்தக் கால்சியமெல்லாம் எங்கே போனது? செல்களுக்குள்.

உள்ளே போன கால்சியம், கால்பெயின் போன்ற புரதம் வெட்டும் நொதிகளை எழுப்பிவிடுகிறது. அவை செல்லின் சொந்தச் சட்டகத்தையே அறுக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா தன்னால் முடிந்தவரை விழுங்கிப் பார்க்கும். அளவு மீறினால் அதன் சவ்வே ஓட்டையாகிவிடும். மிகையான குளூட்டமேட் நரம்பு செல்களைக் கொல்லும் என்பதை ஜான் ஆல்னி 1969-ல் விவரித்தார். அந்த வழியை அடைத்தால் செல்களைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பி, என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் மருந்துகள் பல சோதிக்கப்பட்டன. விலங்குகளில் பலன் தெரிந்தது, மனிதர்களில் கைகொடுக்கவில்லை. மருந்து போய்ச் சேர்வதற்குள் வெள்ளம் பெரும்பாலும் வடிந்து முடிந்துவிடுவது ஒரு காரணம். அதே ஏற்பிகள் மூளையின் நல்ல பகுதிகளுக்கு அன்றாடம் தேவைப்படுவது இன்னொரு காரணம்.

அடைப்பின் மையத்தில் உள்ள செல்கள் சீக்கிரம் போய்விடும். அதைச் சுற்றி, பக்கத்து நாளங்களிலிருந்து கொஞ்சம் இரத்தம் கசிந்து வரும் வளையத்தில் உள்ள செல்கள் பம்பை அரைகுறையாக ஓட்டிக்கொண்டு மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவது அந்த வளையத்துக்காகத்தான். முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் எத்தனை செல்கள் முப்பதைக் காக்கப் போராடிக்கொண்டிருக்கின்றன என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

சித்தியின் மாத்திரை

கடைசியாக, கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாம் விழுங்கும் கால்சியம் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்குப் போகிறது. உடம்பில் உள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்தில் உள்ளதை 100 மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லி கிராம் என்ற குறுகிய வரம்புக்குள் பாராதைராய்டு சுரப்பி பிடித்து வைக்கிறது. குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஆக, மாத்திரையால் நரம்பு முனைக்குள் இருக்கும் அந்த முப்பது நாற்பதாகிவிடாது. அதைச் செல்தான் தீர்மானிக்கிறது.

ஆனால் சித்தி கேட்டதில் ஒரு நியாயமும் இருந்தது. நோயால் இரத்தக் கால்சியம் உண்மையாகவே வெகுவாகக் குறைந்தால், உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் ஊசி குத்தும், கை விரல்கள் குவிந்து இழுத்துக்கொள்ளும். செல்லுக்குள் கால்சியம் போதவில்லை என்பதால் வருவது அல்ல இது. வெளியே உள்ள கால்சியம் நரம்பின் சவ்வை ஒட்டி நின்று, சோடியம் கதவுகள் காரணமில்லாமல் திறக்காதபடி பார்த்துக்கொள்கிறது. அது குறையும்போது நரம்பு தொட்டாற்சிணுங்கியாகித் தானாகவே துடிக்க ஆரம்பிக்கும். ஒரே கால்சியம் வெளியே நின்றால் நரம்பை அமைதிப்படுத்தும், உள்ளே போனால் பேசவைக்கும்.

மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இரத்தத்தில் கால்சியம் சரியாகவே இருந்தது. குறைந்திருந்தது பி12 வைட்டமின். நரம்பு இழையைச் சுற்றியுள்ள உறை பழுதடைய அது ஒரு காரணம், மரத்துப்போவதும் அதனால்தான் என்றார். ஊசி தொடங்கினார். கால்சியம் மாத்திரையை நிறுத்தட்டுமா என்று சித்தி கேட்டதற்கு, எலும்புக்காக அது இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்.